கைப்பிடி வைத்த பெஞ்சு

மனோல் கோடாலியோடு கீழே வந்தபோது, புதுப் பெஞ்சில் ஸ்டாமென் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். மனோல் சன்னலைத் திறந்து கத்திய கத்தலிலேயே மற்றவர்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் கொறித்துத் துப்பிய சூரியகாந்தி விதைத் தோல் தரையெல்லாம் கிடந்தது.

பிளெவென் நகரத்து ஓரத்தில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி அது. கண்ணாடி ஆலையில் இரவெல்லாம் உலை முன்னால் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குகிறவன் மனோல். அவன் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே பெஞ்சு. பழையது உளுத்து விழுந்தபின் இந்தக் கோடையில்தான் அவன் நன்றாகத் தூங்கினான்.

புதிது வாங்குவதற்காகப் படிக்கட்டில் கூடியபோது, "வெறும் பலகையா வாங்குங்க. முதுகு வலிச்சாத்தான் எழுந்து போவீங்க" என்று நக்கலடித்தான். ஸ்டாமெனின் மனைவி ரூஸ்கா கோபப்படவில்லை. "சாய்மானம் இல்லாட்டியும் பரவாயில்லப்பா. ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும். அது இல்லாம இவரால எழுந்திருக்க முடியாது" என்றாள். சுரங்கத்துக் கரித்தூசி தின்ற நுரையீரல் அவருக்கு. நான்காவது மாடிக்கு ஏறுமுன் உட்கார்ந்து மூச்சு வாங்க இடமில்லாமல், கோடை முழுவதும் அவர் கீழே இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக்கூடப் போகவில்லை. சாய்மானமும் கைப்பிடியும் வைத்த பெஞ்சுக்கே எல்லோரும் கை தூக்கினார்கள், மனோலைத் தவிர.

"எழுந்திரு கிழவா!"

ஸ்டாமென் கைப்பிடியை அழுத்தி எழப் பார்த்தார். இருமல்தான் வந்தது. "கொஞ்சம் பொறு தம்பி..."

"இன்னைக்கு இது விறகுதான்!"

காலியாக இருந்த முனையில் கோடாலி இறங்கியது. இரண்டாவது வெட்டில் அந்தப் பக்கத்துக் கைப்பிடி பிய்ந்து பறந்து, ஓடிவந்த ரூஸ்காவின் நெற்றியைக் கிழித்தது. அவள் முகமெல்லாம் ரத்தம்.

"பொம்பளையையா வெட்டுற, நாயே!" சுவரோரம் நின்ற மூன்றாவது மாடி இளைஞன் கிரில் பாய்ந்து மனோலின் முகத்தில் குத்தினான். மூக்கெலும்பு நொறுங்குகிற சத்தம் மனோலின் காதுக்குள் கேட்டது. கண் தெரியாமல் அவன் கோடாலியை மறுபடி ஓங்கினான். கோடாலி பெஞ்சின் இரும்புக் காலில் பட்டுத் திரும்பி, அவனுடைய கெண்டைக்காலையே பிளந்தது. விழுந்தவனின் விலாவில் கிரில் பூட்ஸ் காலால் மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தான்.

"போதும்டா! கடவுள் பார்த்துட்டிருக்கார்!" என்று ரூஸ்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நெற்றியில் அழுத்தியிருந்த தலைத்துணியை எடுத்து மனோலின் காலில் இறுக்கிக் கட்டினாள். "தரை ஈரமா இருக்கு. தூக்கி மேல உட்கார வைங்க."

வெட்டுப்பட்ட முனையில் அவனை உட்கார வைத்தார்கள். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட நினைத்தான் மனோல். கை தானாகவே பக்கவாட்டில் தேடியது. முறிந்த கட்டையின் சிராய்தான் உள்ளங்கையில் ஏறியது. பக்கவாட்டில் சரிந்தான்.

"ரூஸ்கா, என்னைத் தூக்கு," என்றார் ஸ்டாமென். "அவனை இந்தப் பக்கம் விடு. பிடிச்சுக்க ஏதாவது வேணும்ல."

"உங்களுக்கென்ன பைத்தியமா மாமா?" கிரில் கத்தினான். "அதை வெட்ட வந்தவனே அவன்தான்!"

"நல்லவேளை, ஒண்ணை விட்டு வச்சான். இல்லைன்னா இப்ப அவனுக்குத் திண்டாட்டம்."

சொல்வதற்குள் நாலு தடவை இருமினார். மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து, முறிந்த பக்கம் போய் உட்கார்ந்தார். கைப்பிடி இருந்த இடத்தில் ரூஸ்கா நின்றுகொண்டாள்.

மனோல் மீதமிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றினான். கிழவரின் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது. "தூக்கமே இல்லக்கா," என்றான் உடைந்த குரலில். "ராத்திரி வேலை. நீங்க விதை கொறிக்கிறது மண்டைக்குள்ளயே கேக்குது."

"அடப்பாவி, இதை அன்னைக்கே படிக்கட்டுல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? சாயங்காலம் கொறிச்சிருப்போமே."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கியபோதும் அவன் பிடியை விடவில்லை. ஸ்டாமென் எட்டி அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"விடு தம்பி. அது எங்கயும் போகாது. நீ நொண்டிக்கிட்டு வருவேல்ல, அப்ப உட்கார்றதுக்கு இங்கயேதான் இருக்கும்."