அத்தானின் ஹைட்ரஜன்

கரண்ட் போனால் இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் என் பொறுப்பு. அடித்தளத்தில் இருக்கும் ஹைட்ரஜன் மெஷின்தான் அதற்கு மின்சாரம் தரும். மெஷினைப் பார்த்துக்கொள்பவள் நான். சிலிண்டர் சப்ளை செய்பவர் என் அக்கா வீட்டுக்காரர். அவருடைய புது சிலிண்டர்களை மாட்டியதிலிருந்து மெஷின் நோஞ்சானாகிவிட்டது. இன்று காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை.

"உங்க வாயுவுல கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கு அத்தான். அது உள்ள இருக்கிற பிளாட்டினத்துல ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்குது. வோல்ட் இறங்குது பாருங்க."

"என் சரக்கு பத்தரைமாத்துத் தங்கம். மெஷின்தான் பழசு. மேனேஜர் வந்தா அப்படியே சொல்லிடும்மா."

மெஷின் கெட்டது என்றால் என் வேலை போகும். வாயு கெட்டது என்றால் அக்கா குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். சிபாரிசுக்கு அவளையும் அழைத்து வந்திருந்தார் மனுஷர், நிறைமாத வயிற்றோடு. ஐந்தாம் மாடியில் என் வீட்டில் உட்காரவைத்திருந்தேன். கழுத்தில் கத்தி என்றால் இதுதான்.

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. அபாய மணி அலறியது.

"யாராவது இருக்கீங்களா? ஐயோ, இருட்டா இருக்கே!" அக்காவின் குரல்.

அத்தான் ஓடிப்போய் லிஃப்ட் கதவில் அறைந்தார். "ஏதாவது பண்ணும்மா!"

"மெஷின் பழசுன்னா நான் என்ன பண்ண முடியும்?" என்றேன். என் கோபம் நேரம் காலம் பார்க்காது. ஆனால் கை அதற்குள் காற்று வால்வைப் பிடித்திருந்தது.

"வாயுதான்! ஃபேக்டரியில மிச்சமாகிறது, மலிவா கிடைச்சுது. கலப்படம்னு தெரியும். போதுமா? அவளை வெளிய கொண்டு வா தாயே!"

வாயுவோடு துளி காற்றைக் கலந்தால் ஒட்டியிருப்பது எரிந்து விலகும். அளவு மீறினால் மெஷினே கருகும். மயிரிழை அளவு திறந்தேன். வோல்ட் தயங்கித் தயங்கி ஏறியது. லிஃப்ட் அசைந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கதவு திறந்ததும் அக்கா வியர்த்துக்கொட்ட வெளியே வந்து அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மெஷின் என்னையும் பிள்ளையையும் கொன்னிருக்கும்டி. பழியை இவர் தலையில கட்டப் பார்த்தியாமே?"

அத்தான் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் கைக்குட்டையால் அக்காவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அக்கறை!

மணிச் சத்தம் கேட்டு மேனேஜர் படியிறங்கி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

அக்கா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி என்னையே முறைத்தாள்.

"மெஷின் பழசாயிடுச்சு சார்," என்றேன்.