பதினோராயிரம் மணி நேரமும் ஒரு பச்சைப் பந்தும்

கீழே வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நம்ப மனமில்லாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. மிச்சமிருப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

கேப்டனம்மாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயதும் பதினோரு மாதமும். பதினோராயிரம் மணி நேரம் ஆகாயத்தில் இருந்தவள். அவள் விமானம் ஓட்டிய கம்பெனியை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இழுத்து மூடிவிட்டார்கள். அதிலிருந்து பதினாலு மாதமாக வீடுதான். அக்கம்பக்கத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஒரே கம்பெனி, நாற்பத்தைந்து முடிந்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வேலை தருவதற்கு முன்னால் ஒரு திறன் தேர்வு வேறு. அதில் ஒருமுறை தோற்றால் ஆயுசுக்கும் மறுபடி எழுத முடியாது. ஆகவே அந்த ஒரு நாள் தேறினால் வானம், தவறினால் வீடு.

இதில் அவளைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருந்தது வீடுதான்.

இரண்டு பேர் சேர்ந்து விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எஞ்சினில் தீ என்று மணி அடித்தால், பதறிப்போய் எதையும் இழுத்துவிட மாட்டார்கள். ஒருவர் விசையின்மேல் விரலை வைத்து, "ரெண்டாம் நம்பர், கன்ஃபர்ம்?" என்பார். அடுத்தவர் கண்ணால் பார்த்து, "கன்ஃபர்ம்ட்" என்ற பிறகுதான் விரல் அசையும். அவசரத்தில் நல்ல எஞ்சினை அணைத்துத் தொலைத்துவிட்டால், அப்புறம் ஓரமாக நிறுத்தி யோசிக்க ஆகாயத்தில் இடம் கிடையாது அல்லவா. பத்தொன்பது வருடத்தில் இந்தப் பழக்கம் கேப்டனம்மாவுக்கு எலும்புவரை இறங்கியிருந்தது. காஸ் அடுப்பின் திருகில் விரலை வைத்து, "பின்பக்க அடுப்பு, கன்ஃபர்ம்?" என்று கேட்டுவிட்டுச் சிலை மாதிரி நிற்பாள். பதில் வரும்வரை அந்த வீட்டில் யாருக்கும் காப்பி கிடையாது. மாமியார் குளியலறைக்குள்ளிருந்தே "கன்ஃபர்ம்ட்" என்று கத்திப் பார்த்தார். "பாக்காம சொல்லக் கூடாது அத்தை" என்று இவள் ஒரே பிடியாக நிற்க, பாவம், முகத்தில் சோப்போடு வெளியே வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

கணவர் பல் டாக்டர். பொறுமைசாலி. அவருக்கே ஒரு நாள் பொறுக்கவில்லை.

"துணி மெஷின் போடறதுக்கு எதுக்கு ரெண்டு பேரு? நான் பல்லைப் பிடுங்கறப்போகூட யாரையும் கேக்கறதில்ல."

"கேக்காததனாலதான் போன மாசம் ஒருத்தருக்கு நல்ல பல்லைப் பிடுங்கினீங்க."

தேர்வு நாள் காலையில் அவர் தாமே காரை எடுத்துக்கொண்டு வந்து அவளைத் தேர்வு நடக்கும் இடத்து வாசலில் இறக்கிவிட்டு, "எப்படியாவது பாஸ் பண்ணிடு" என்றார். கண்ணாடியை ஏற்றப் போனவர் மறுபடி இறக்கி, "கெஞ்சிக் கேக்கறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தேர்வு அறையில் தோள் உயரத்துக்குப் பலகை வைத்துத் தடுத்த பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு கைப்பிடி, பஞ்சு பிய்ந்த ஒரு ஹெட்போன். கைப்பிடி முன்னால் எழுதிப் போனவர்களின் வியர்வையில் பிசுபிசுத்தது. ஏசி மட்டும் குளிர்காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை வழங்கியது. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கேப்டனம்மாவுக்கு ஏழாம் நம்பர். எட்டில் சரக்கு விமானம் ஓட்டிய ஒரு தாடிக்காரர். மற்றப் பத்துப் பேரும் அவரவர் கம்பெனி மூடியதால் தெருவுக்கு வந்த அனுபவஸ்தர்கள்தான்.

முதலில் குணத்தைச் சோதிக்க இருநூற்று நாற்பது கேள்விகள். 'எனக்குச் சில நேரம் கத்த வேண்டும் போலிருக்கும்' என்றது முதல் கேள்வி. அவள் 'ஒருபோதும் இல்லை' என்று அழுத்தினாள். முப்பத்தொன்றாவது கேள்வி, 'கத்துவது எனக்கு ஆறுதல் தரும்' என்றது. இல்லை. எழுபதாவது, 'கத்தாமல் இருக்க நான் முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது' என்றது. இல்லவே இல்லை. இப்படி ஒரே ஆளை வேறு வேறு சட்டை போட்டுக் கூட்டிவருவது போல அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்றாவது தடவையாக மவுஸைப் பிடித்தபோது அது திரும்பவும், 'எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது' என்று வந்து நின்றது. 'மிக மிக உண்மை' என்பதை அவள் அழுத்திய அழுத்தலில் பலகைத் தடுப்பு ஆடியது.

திரை சிவந்தது. 'உங்கள் பதில்கள் முரண்படுகின்றன.'

தேர்வு அதிகாரி ஓடிவந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் கடிகாரம், முகத்தில் யாருக்கோ பயந்த பாவனை.

"மேடம், முதல் கேள்விக்கு ஒருபோதும் இல்லன்னு போட்டிருக்கீங்க. இப்போ மிக மிக உண்மைன்னு போடறீங்க. இதுல எது நெஜம்?"

"ரெண்டுமே நெஜம்தான் தம்பி."

"அது எப்படி மேடம்?"

"நடுவுல நூத்தி எண்பத்தொம்போது கேள்வி இருந்துச்சே."

அவன் யோசித்துப் பார்த்தான். அதற்கு அவனுடைய புத்தகத்தில் இடமில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்தது பந்து. திரையில் ஒரு பச்சைப் பந்து கண்ட பக்கமெல்லாம் ஓடும். கைப்பிடியால் அதை நடுவட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் காதில் ஒரு பெண் எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். மூன்று ஒற்றைப்படை எண்கள் அடுத்தடுத்து வந்தால் காலால் மிதியை மிதிக்க வேண்டும். அதுவும் போதாதென்று மூலையில் ஆறு முள் வட்டங்கள்; எதன் முள் சிவப்புக்குப் போகிறதோ அதன் பொத்தானை எட்டு விநாடிக்குள் அழுத்த வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வி.

கேப்டனம்மா கைப்பிடியைப் பின்னால் இழுத்தாள். விமானமாயிருந்தால் மூக்கு மேலே போகும். பந்து கீழே போனது. இன்னும் இழுத்தாள். பந்து திரையை விட்டே போய்விட்டது.

"தம்பி, இது தலைகீழா இருக்கு."

"இது விமானம் இல்ல மேடம், பந்து."

"நீங்க ஆள் எடுக்கறது விமானம் ஓட்டவா, பந்து ஓட்டவா?"

"டைம் ஓடுது மேடம்."

பல்லைக் கடித்துக்கொண்டு பந்தை இழுத்துவந்தாள். அந்த நேரம் பார்த்து நாலாம் முள் சிவப்புக்குப் போனது. அவள் விரல் தானாகப் போய் நாலாம் பொத்தானின்மேல் உட்கார்ந்தது. வாயும் தானாகத் திறந்தது.

"நாலாம் நம்பர், கன்ஃபர்ம்?"

காத்திருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. எட்டு விநாடி முடிந்தது. திரை 'தவறு' என்றது. அடுத்து இரண்டாம் முள். "ரெண்டாம் நம்பர், கன்ஃபர்ம்?" தவறு. விரல் பொத்தான்மேல்தான் இருக்கிறது, அழுத்தவேண்டியதுதான் பாக்கி, அழுத்த வரவில்லை. தன் விரலைத் தானே பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் நாலு 'தவறு' சேர்ந்தால் ஆயுசுக்கும் பின்பக்க அடுப்புதான்.

பதில் கிடைக்காத 'கன்ஃபர்ம்' என்பது விமானிக்குப் பாதியில் நின்றுபோன தும்மல் மாதிரி. கேள்வி கேட்டவரைவிட அதைக் காதில் வாங்கியவருக்கு அது பெரிய அவஸ்தை. மூன்றாம் தடவை அவள் கேட்டபோது எட்டாம் நம்பர் தாடிக்காரர் பொறுக்க முடியாமல் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, விரலைப் பார்த்து, "கன்ஃபர்ம்ட்" என்றுவிட்டார். அவள் அழுத்தினாள். சரி.

"தேங்க்ஸ்."

"அத விடுங்க. என்னோடது அஞ்சாம் நம்பர், கன்ஃபர்ம்?"

இவள் எட்டிப் பார்த்து, "கன்ஃபர்ம்ட்" என்றாள். ஆறாம் நம்பர்க்காரர் இவளைக் கேட்டார். ஒன்பதாம் நம்பர்க்காரர் தாடியைக் கேட்டார். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு தலைகளும் பலகைக்கு மேலே முளைத்துவிட்டன. பிறகு வேலையையும் பிரித்துக்கொண்டார்கள். "கேப்டன், நீங்க பந்தைப் பாருங்க, எண்ணு என் பொறுப்பு" என்றார் தாடிக்காரர். மூன்றாவது ஒற்றைப்படை வந்ததும் அவர் "மிதி!" என்பார், பன்னிரண்டு கால்கள் ஒன்றாக மிதிக்கும். தம் பந்தை அவர் முழங்கால் இடுக்கில் கைப்பிடியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கு விமானத்தில் சாப்பிடும்போது அப்படித்தான் ஓட்டுவாராம்.

தேர்வு அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "பேசக் கூடாது! யாரும் பேசக் கூடாது!"

"நாங்க பேசல தம்பி, கேட்டுக்கறோம்" என்றாள் கேப்டனம்மா.

"அவரு பதில் சொல்றாரே!"

"கேட்டா பதில் சொல்லாம இருக்கறதுக்கு அவரு என்ன என் வீட்டுக்காரரா?"

"வாயைத் திறந்தா எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்!"

வாயை மூடிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகப் பலகைகளுக்கு மேலே பன்னிரண்டு கட்டைவிரல்கள் எழுந்து எழுந்து அமர்ந்தன. கட்டைவிரலைப் பற்றி விதிமுறையில் எதுவும் இல்லை. அவன் இரண்டு தடவை படித்துப் பார்த்தான்.

முடிவு வந்தது. பன்னிரண்டு பேரும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அந்தத் தேர்வு உண்டான நாளிலிருந்து எழுபத்தெட்டைத் தாண்டியவர் கிடையாது. அதை உண்டாக்கியவரே எழுதிப் பார்த்து அறுபத்தொன்றுதான் வாங்கியிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கேப்டனம்மாவை மட்டும் நேர்காணல் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கம்பெனியின் தலைமை விமானி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்த பெரியவர். வலப்பக்கம் ஆள் சேர்ப்பு மேலாளர் அம்மா. இடப்பக்கம் அந்தத் தேர்வை இவர்களுக்கு விற்ற கோட்டுக்காரர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது தனியா எழுதற டெஸ்ட்" என்றார் கோட்டுக்காரர். "சேந்து எழுதிட்டாங்க. ரூல்படி பன்னெண்டு பேருமே ஃபெயில். ஆரம்பிச்சு வெச்சது இந்த மேடம்."

"ஏம்மா அப்படிப் பண்ணினீங்க?" என்றார் தலைமை விமானி.

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சார், தனியா ஒரு பொத்தானையும் தொடாதேன்னு எனக்கு பத்தொம்போது வருஷமா உயிரை வாங்கிச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆறு மாசத்துக்கு ஒருதரம் அதுக்கே பரீட்சை. கேக்காம தொட்டா ஃபெயில். இப்போ இங்க வந்தா, கேட்டா ஃபெயில்ங்கறாங்க. நாளைக்கு உங்க விமானத்துல எனக்குப் பக்கத்துல ஒருத்தரை உக்கார வெப்பீங்களா, இல்ல பலகை வெச்சுத் தடுத்துடுவீங்களா? அதையாவது இப்பவே சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

மேலாளர் அம்மா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை விமானி தாடையைத் தடவினார்.

"அந்த அம்மா சொல்றது சரிதான்யா. பன்னெண்டு பேருக்குமே பாஸ் போட்டுடலாம்."

"சார், ரூல்..."

"ரூலுக்குத்தான் நான் இருக்கேனே. எங்க அமுக்கணும்?"

கோட்டுக்காரர் வேண்டாவெறுப்பாகத் திரையை அவர் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். திரையில் இரண்டு பொத்தான்கள். தலைமை விமானி ஒன்றின்மேல் விரலை வைத்தார். வைத்தவர் அழுத்தவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம் அவருக்கு.

"பாஸ், கன்ஃபர்ம்?"

"ஓகே சார்" என்றார் மேலாளர் அம்மா, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்" என்றார் கோட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்து.

கேப்டனம்மா நாற்காலியை விட்டு எழுந்து, மேசைக்கு மேலே சாய்ந்து, கண்ணால் பார்த்தாள்.

"நெகட்டிவ் கேப்டன்! அது சிவப்பு. நிரந்தர நீக்கம். பச்சை இடது பக்கம்."

பெரியவரின் விரல் சுட்டதுபோல மேலே போனது. கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். பன்னிரண்டு பேரின் பிழைப்பு ஒரு விரற்கடையில் தப்பியிருந்தது. வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். விரலை மெதுவாக இடது பக்கம் கொண்டுபோனார்.

"பச்சை, கன்ஃபர்ம்?"

"கன்ஃபர்ம்ட்" என்றாள்.

அழுத்தினார். உடனே திரையில் ஒரு சின்னப் பெட்டி குதித்தது. 'உறுதியாகத்தானா? ஆம் / இல்லை.'

தலைமை விமானி கோட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பாருய்யா, உன் மெஷினே தனியா முடிவெடுக்க மாட்டேங்குது. அதையும் ஃபெயில் பண்ணிடலாமா?"

வெளியே வந்து அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். பல் டாக்டர் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், "என்னைக்குக் கெளம்பணும்?" என்று கேட்டுவிட்டார். பின்னால் மாமியார், "நாளைக்கேவான்னு கேளுடா" என்றது நன்றாகவே கேட்டது.

அந்தக் கம்பெனி, விமானி வேலைக்கு வருகிறவர்களின் பறந்த மணிக்கணக்கையும் கண் பரிசோதனைச் சீட்டையும் மட்டும்தான் பார்க்கிறது. திறன் தேர்வு என்று ஒன்றை அது இன்றுவரை யாருக்கும் வைத்ததில்லை. சத்தியத்துக்காக என் தலைமேல் வைத்த கையை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.