தகர்க்கப்பட்டது

“அத அடிச்சிடு,” என்றார் அப்பா.

மகள் பென்சிலை எடுத்தாள். பட்டாளத்தில் இருந்தபோது கண்ட போரின் முதல் நான்கு நாட்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் அச்சுப்படியை, விடிந்ததிலிருந்து படுக்கையருகே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். பத்து மணிக்கு அச்சகத்து ஆள் வந்துவிடுவார். அதுவரை அப்பா தாங்குவாரா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“எதப்பா?”

“இந்தப் பக்கத்துல கடைசி வரி.”

‘மூன்றாம் நாள் மாலை பாலம் தகர்க்கப்பட்டது.’ பட்டாளத்து அறிக்கைகளில் எல்லாமே இப்படித்தான். கைவிடப்பட்டது, பின்வாங்கப்பட்டது. யாரும் எதையும் செய்வதே இல்லை.

“பிழை ஒண்ணும் இல்லையேப்பா.”

“‘பட்டது’ வேணாம்.” மூச்சு வாங்கியது. “தகர்த்தேன்னு போடு.”

எதிரிதான் தகர்த்தான் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அக்கரையில் சிக்கித் திரும்பாத முப்பது பேரில் ஒருவர் அவளுடைய தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அம்மா அடுக்களையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாமா அந்தப் பக்கம் இருக்காருன்னு தெரியுமா?”

“தெரியும். எதிரி டாங்கி பாலத்துக்கிட்ட வந்துடுச்சு. பத்து நிமிஷம் பொறுத்திருந்தா…” முடிக்கவில்லை. “நாப்பது வருஷமா உங்கம்மாகிட்ட வாய் வரல. நீ போடு.”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. போகிற நேரத்தில் பாரத்தை என் தலையில் கட்டுகிறாரே! ஆனாலும் அடித்துத் திருத்தினாள். ‘பாலம்’ என்பதையும் ‘பாலத்தை’ என்று ஆக்க வேண்டியிருந்தது. தாளைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதேகாலுக்கு மூச்சு நின்றது.

அம்மா அழுது ஓய்ந்து, அதே வெந்நீரில் துணி நனைத்து அவரைத் துடைத்தாள். சலவைச் சட்டையை மாட்டிக் கீழிருந்து பொத்தான் போட ஆரம்பித்தாள். வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது.

பென்சில் எழுத்துதான். அழிக்க ஒரு நிமிடம் போதும். மகள் ரப்பரை எடுத்தாள், கீழே வைத்தாள்.

“அம்மா, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி கேட்டுடு.” “‘மூன்றாம் நாள் மாலை பாலத்தைத் தகர்த்தேன்.’”

மூன்றாவது பொத்தானில் அம்மாவின் விரல்கள் நின்றன. அழைப்பு மணி அடித்தது.

“தகர்த்தேன்னா இருக்கு?”

“ஆமாம்மா.”

“அவரே சொன்னாரா?”

“அவரேதான்.”

மணி மறுபடியும் அடித்தது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்தனுப்பு,” என்றாள்.

மகள் திரும்பி வந்தபோது பொத்தான்கள் போட்டாகியிருந்தன. கழுத்துப் பொத்தானை மட்டும் அம்மா விட்டிருந்தாள். அவருக்கு எப்போதும் அது இறுக்கும்.