நான்கு விரலும் தீக்குச்சிகளும்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது. அதை ஞானமேரி என்ற பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறேன். அவளுக்கு என் வயதைக் கொடுத்தேன். சேலத்தில் வாங்கிய என் பி.எஸ்ஸி. பட்டத்தையும் கொடுத்தேன். பெயரை மட்டும் கொடுக்கவில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘1972இல் மாரண்டஹள்ளிக்கு நான்கு மரப்பெட்டிகளில் ஒரு கார் வந்தது.’ (செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.)

‘மிக்கேலம்மாளால் பஸ் படி ஏற முடியவில்லை.’ (உண்மைதான். ஆனால் உடனே இரக்கப்படத் தொடங்கிவிடுவீர்கள். இப்போதே வேண்டாம்.)

‘இன்னாசிராஜ் நல்ல மெக்கானிக், ஆகவே’

மூன்றாவதை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

2

ஓசூர்ப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் சீமையிலிருந்து வரவழைத்த கார் அது. பாகம் பாகமாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அவர் பூட்டாமலே எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டார். பெட்டிகள் இன்னாசிராஜின் கொட்டகைக்கு வந்தன. குழாயால் ஆன சட்டம், அதன்மேல் பைபர் உடம்பு. இரண்டு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கிவிடலாம்.

இன்னாசிராஜ் அதைப் பூட்டியது மனைவிக்காக. மிக்கேலம்மாளுக்கு முழங்கால் மடங்காது. பிறந்த ஊர் மொரப்பூருக்கு அந்தப் பக்கம். தை மாதக் கோயில் திருவிழாவுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்தக் காரில் ஏற வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். அவ்வளவு தாழ்வு.

தாழ்விலும் ஓர் அளவு உண்டு. அதிகம் தாழ்ந்தால் ரயில்வே கேட்டில் அடிவயிறு இடிக்கும். ஷாக் அப்சார்பரில் மரை போட்டிருந்தது. மரையில் ஒரு வளையம், வளையத்தின்மேல் ஸ்பிரிங். வளையத்தைத் திருகினால் வண்டி உயரும், அல்லது இறங்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று அங்குலம் இருக்க வேண்டும் என்றது ஆங்கிலப் புத்தகம். இன்னாசிராஜுக்கு அது நான்கு விரல்.

மகள் ஞானமேரி படித்துச் சொன்னாள். “ஒவ்வொரு சீட்டுலயும் பதினோரு கல்லு வெச்சிட்டு அளக்கணுமாம்ப்பா.”

“கல்லா?”

“அப்படித்தான் போட்டிருக்குது.”

கொட்டகைக்குப் பின்னாலிருந்து தேங்காயைவிடச் சிறிய கற்களாகப் பொறுக்கி வந்தார்கள். எதிரே காய்கறிக் கடை வைத்திருந்த பச்சியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க இன்னாசி, காத்துல பறந்துடுமின்னு வெக்கறீங்களா?”

பதினொரு கல்லுக்கு வண்டி அரை விரல்கூட இறங்கவில்லை. மிக்கேலம்மாள் வந்தாள். “கல்லை எடுங்க. நான் இருக்கறப்ப கல்லு எதுக்கு?” உட்கார்ந்தாள். வண்டி இரண்டு விரல் இறங்கியது.

“நீ உக்காந்தா வண்டியே மண்டி போடுது புள்ள.”

“சோறு போட்டது நீங்கதான?”

அவள் உட்கார்ந்திருக்கும்போதே இன்னாசிராஜ் வளையத்தைத் திருகி நான்கு விரலுக்குக் கொண்டுவந்தார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். கதையில் சிரிப்பு இத்தோடு சரி.

(அடிக்குறிப்பாக வைக்க நினைத்தது: ‘ஸ்டோன்’ என்பது அந்த நாட்டு எடைக் கணக்கு. ஒன்று ஆறு கிலோவுக்கு மேல். பதினொன்று என்றால் ஓர் ஆள். இதை ஞானமேரி பிறகு அகராதியில் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.)

3

அடுத்த மாதம் மிக்கேலம்மாளை உட்காரவைத்து மறுபடி அளந்தார். நான்கு விரல் போக இடைவெளி மிச்சம் இருந்தது. ஒரு தீக்குச்சியைச் செருகினார். இன்னொன்றையும் செருகினார். இரண்டு நின்றன.

“ஸ்பிரிங் ஏறிக்கிச்சு” என்றார். வளையத்தைத் தாழ்த்தினார்.

ஸ்பிரிங் தளர்ந்து இறங்கும், தானாக ஏறாது. ஞானமேரி படித்தது அது. சுமை எவ்வளவோ அவ்வளவு அமுங்கும். முதல் நாள் பதினொரு கல்லுக்கு வண்டி ஏறக்குறைய நான்கு தீக்குச்சி இறங்கியிருந்தது. அவள் ஒரு கல்லைப் பச்சியப்பன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். ஒரு கிலோ. அப்படியானால் ஒரு தீக்குச்சிக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கு?

அம்மாவின் ரவிக்கைக் கையைப் பார்த்தாள். துணி தனியாகத் தொங்கியது.

“சோறு எறங்கலயாம்மா?”

“வெயிலு. வேறென்ன?”

கல்லூரியில் மூன்று வருடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

[இங்கே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.]

4

இங்கே எனக்கு இன்னாசிராஜ்மேல் சந்தேகம் வருகிறது. லாரி வரும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று சொல்கிற மனிதர். கார்த்திகையில் மீண்டும் அளந்தார். மீண்டும் இரண்டு தீக்குச்சி. வளையத்தைத் தாழ்த்தினார். குச்சிகளைப் பெட்டியில் திரும்பப் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏன் சட்டைப் பை? நான்தான் எழுதினேன், எனக்கே

5

திருவிழாவுக்கு முந்தின நாள் கடைசி அளவு. ஞானமேரி கொட்டகைக்குள் வந்தபோது அம்மா ஏற்கெனவே காரில் இருந்தாள். மடியில் ஒரு கூடை, மேலே துண்டு மூடியிருந்தது.

“அக்காளுக்கு முறுக்கு” என்றாள்.

அப்பா விரல்களை வைத்தார். சரியாக நான்கு. குச்சிக்கு இடமில்லை.

“இப்பத்தான் ஸ்பிரிங் பழகியிருக்குது” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஞானமேரி துண்டைச் சரிசெய்யக் கை வைத்தாள். கீழே முறுக்கு இல்லை, கல். தொட்டு எண்ணினாள், ஆறு. கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும், அந்த முழங்காலோடு.

“திருவிழா முடியட்டும்” என்றாள் அம்மா. “அப்புறம் நானே உங்கப்பாகிட்ட சொல்றேன். நீ வாயத் தொறக்காத.”

வாயைத் திறக்காமல் இருப்பது ஞானமேரிக்கு எப்போதுமே சுலபம்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஞானமேரி சொல்லிவிடுகிறாள். தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர், ‘நல்ல நேரத்துல வந்தீங்க’ என்கிறார். அடித்துவிட்டேன். எங்களுக்கு அந்தச் சொல்லைச் சொன்ன டாக்டர் யாரும் இல்லை.

இன்னொன்று, விட்டுவைத்த அந்தத் தொடக்கத்தின் மீதி: இன்னாசிராஜ் நல்ல மெக்கானிக், ஆகவே அவருக்கு முதல் தீக்குச்சியிலேயே தெரிந்திருக்க வேண்டும். மனைவி கண்ணில் இடைவெளி படக்கூடாதென்று வளையத்தைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். அவள் அவருக்காகக் கல்லைத் தூக்கினாள். இதை நம்பினால் மூன்று பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தோம் என்று ஆகும். (மறைத்துக்கொண்டிருந்தார்கள்.)

நடந்தது இதுதான். திருவிழாவுக்குப் போனார்கள். கோயில் வாசலில் மிக்கேலம்மாள் கூடையைச் சீட்டில் வைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். வண்டி எழுந்தது. முன்பு இரண்டு விரல் எழும். அன்று ஒன்றரைகூட இல்லை. இன்னாசிராஜ் மட்கார்டைப் பார்த்தபடி நின்றார். குனியவில்லை.

ஈஸ்டருக்கு அவள் இல்லை.

ஒரு வாக்கியம் மீதி இருக்கிறது. ஞானமேரி சொல்லாதது.

“அப்பா, ஸ்பிரிங் ஏறலப்பா. அம்மாதான் எளச்சிருக்குது.”

இதை எங்கே வைப்பது என்று ஒரு வருடமாகப் பார்க்கிறேன். ஐந்தில் வைத்தால் தாமதம். நான்கில் வைத்தால், தெரியவில்லை. மூன்றில் காலி வரி இருக்கிறது. நீங்கள் அங்கே வைத்து, மேற்கொண்டு படித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு வருவது நான் எழுதியதாக இருக்காது.