ஒட்டுவேலை

மேஸ்திரி முதல் அடி அடித்ததும் சுவர் ஏப்பம் விட்டது. சோப்பு சாருக்கு அப்படித்தான் கேட்டது. தின்றது செரிக்காத பெரிய மனிதர் ஒருவர் எழுந்து நின்ற மாதிரி ஒரு சத்தம், பின்னாலேயே நாற்றம்.

சோப்பு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். மேலதிகாரிக்குச் சோப்புப் போடுகிறவர் என்பதால் அல்ல. அந்தத் திறமை இருந்திருந்தால் இந்தப் பழைய ஃபிளாட்டை விட்டு எப்போதோ போயிருப்பார். யாராவது கை குலுக்கினால் நேரே குழாயடிக்குப் போவார், அதனால். வீட்டில் தன் எச்சில் தட்டைக்கூடச் செத்த எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் தூக்கித் தொட்டியில் போடுவார். கழுவுவது மனைவி.

இடிபடுவது சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவர். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் போனால் கூடத்து ஜன்னல் காற்று அடுப்புவரை வரும். மனைவியின் இருமலுக்காகப் போனபோது டாக்டர், "வீட்ல எங்கயாவது ஈரம் ஊறுதா?" என்று அவளைத்தான் கேட்டார். "சேச்சே, பளிச்னு இருக்கும் டாக்டர்" என்று இவர்தான் முந்திக்கொண்டார். பளிச்சென்றுதான் இருந்தது. கறை தெரிந்தபோதெல்லாம் அதன்மேல் எதையாவது ஒட்டிவிடுவது அவர் வழக்கம். முதலில் பூப்போட்ட காகிதம். அதையும் மீறிக் கறுப்பு எட்டிப்பார்த்தபோது பிளைவுட். பிளைவுட் உப்பியபோது வழவழப்பான வெள்ளைத் தகடு. ஒவ்வொரு முறையும் இடுப்பில் கைவைத்து நின்று ரசிப்பார். மனைவி பார்ப்பாள், இருமுவாள், போய்விடுவாள்.

இப்போது அவளுடைய பை வாசல் கதவோரம் இருந்தது. "அக்கா வீட்டுக்குப் போறேன். சுவரு போயி நாத்தமும் போனா கூப்பிடுங்க" என்று சொல்லியிருந்தாள். நாற்றம் போகாவிட்டால் என்ன செய்வாள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கொளுத்துகிற வெயில் காலத்தில் ஸ்வெட்டரையும் மடித்துப் பையில் வைத்திருந்தாள்.

கடப்பாரை நெம்ப நெம்ப, தகடும் பிளைவுட்டும் பூக்காகிதமும் அடுக்கடுக்காக உரிந்து வந்தன. பின்னால் இருந்ததைச் சுவர் என்று சொல்ல முடியாது. கறுப்பு ரோமம் முளைத்து, வியர்த்து, மினுமினுவென்று இருந்தது. கரப்பான்கள் கொட்டின. வெளிச்சம் பொறுக்காத சில, சோப்பு சாரின் செருப்பையே அடைக்கலமென்று நம்பி ஓடிவந்தன. அவர் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். ஏறியபின், வீட்டுக்காரர் மேற்பார்வை பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

செங்கல்லுக்கு நடுவே யாருக்கும் வேண்டாத பழைய குழாய் ஒன்று வாய் திறந்திருந்தது. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் வருஷக்கணக்காக அதன் வழியே கசிந்திருக்கிறது. யார் யாருடையதோ தலைமுடியும் அழுக்கும் சேர்ந்து. வாயில் ஏதோ அடைத்திருந்தது. மேஸ்திரி கம்பியால் இழுத்தார். அது சளிபோல நீண்டு, தயங்கி, சொத்தென்று விழுந்தது.

"யாரு பனியன் சார் இது?"

கழுத்தோரம் நீல நூல் தையல். அந்தத் தையலைப் போட்டவளே பக்கத்தில் நின்றாள்.

"நான் துவைக்கப் போட்டுத் தொலைச்சிட்டேன்னு சாப்பிடாம படுத்தீங்களே, அதா?"

"அவசரத்துக்குக் கையில கிடைச்சுது..." என்றார் நாற்காலியிலிருந்து.

"அப்போ ஓட்டை இருக்கிறது தெரியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். இருமல்தான் வந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். இன்று நடுவில் பாதிச் சுவர்தான் மிச்சம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அவள் குனிவதும், தோள்பட்டை இரண்டும் குலுங்குவதும் தெரிந்தன. அவருக்குக் குமட்டியது. எதைப் பார்த்துக் குமட்டுகிறது என்று ஆராயப் போகவில்லை. தெரிந்துவிடும் என்ற பயம்.

"உள்ள இன்னும் அடைஞ்சு கிடக்கு சார்," என்றார் மேஸ்திரி. "நான் அதுக்குள்ள கையை விடமாட்டேன். அப்புறம் எம் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா. நாளைக்குப் பிளம்பரைக் கூப்பிடுங்க. இல்ல, உங்க பாணியில மேல இன்னொரு தகடு ஒட்டிரலாமா?"

சிரித்துக்கொண்டே மேஸ்திரி டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார். மனைவி போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கொஞ்சம் இரு" என்றார் சோப்பு சார்.

நாற்காலியிலிருந்து இறங்கினார். காலடியில் ஏதோ நொறுங்கியது; பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக் குழாய்க்குள் கையை விட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. அதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. முழங்கை உள்ளே போக வேண்டுமானால் கன்னத்தை அந்தக் கறுப்பு ரோமத்தில் சாய்த்தாக வேண்டும். சாய்த்தார். விரல்களுக்கிடையே முடிக்கற்றை ஒன்று வழுக்கி, சிக்கி, வரமாட்டேன் என்றது. இழுத்தார்.

"எங்க போடறது இதை?" என்றார், வாயைத் திறக்காமல் பல்லிடுக்கால்.

தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே, அவள் காலால் வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.