உமாதேவிக்கு வந்த மின்னஞ்சல்

உத்தமபாளையத்து ரியாசுதீன் சின்னமனூர் பஸ்ஸில் ஏறியது, ஒரு பெண்ணைப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்பதற்காக.

கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் பத்து வருடம் ஊறியவர். திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் டீம் தலைவர் பதவி அவருக்குத்தான் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே, ஒரு பெரிய வேலையை முன்னின்று நடத்திய அனுபவம் காட்ட வேண்டும். அவருக்கு அது இல்லை. போன வருடம் இணையத் திருடர்கள் ஓர் ஆஸ்பத்திரியின் கணினிகளை முடக்கிப் போட்டபோது, மூன்று மாதம் ஆள் பிரித்து, நாள் குறித்து, அத்தனையையும் மீட்டவள் அவருக்குக் கீழே வேலை பார்த்த உமாதேவி. அதைத் தான் நடத்தியதாக எழுதினார். சாட்சிக்கும் அவள் பெயரையே கொடுத்தார். யாரும் விசாரிக்க மாட்டார்கள். விசாரித்தாலும் அந்தப் பிள்ளை மறுத்துப் பேசாது என்று ஒரு தைரியம்.

விசாரித்துவிட்டார்கள். நடத்தியது இவர்தானா என்று கேட்டு அவளுக்கே மின்னஞ்சல் போயிருந்தது.

சின்னமனூரில் தன் வீட்டுக்கு வந்தவருக்கு உமாதேவி மோர் கொடுத்தாள். அவர் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். அவளே லேப்டாப்பைத் திறந்து, எழுதி வைத்திருந்த பதிலைக் காட்டினாள்.

“நீங்க செஞ்சத மட்டும் எழுதிருக்கேண்ணே. பேக்கப் எல்லாம் சோதிச்சுப் பாத்தது, நர்சுமாருக்குப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தது. நடத்துனது நீங்கன்னு மட்டும் எழுத கை வரல.”

“அனுப்பிட்டியாம்மா?”

“இல்ல. நீங்களே வாபஸ் வாங்கிட்டா இதுக்கு வேலையே இல்லேல்ல? ரெண்டு நாளா உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஆண்டவன் சில பேரைத் திருத்த அடிப்பதில்லை. காத்திருக்கத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பிவிடுகிறான். ரியாசுதீன் தலை நிமிராமலே போனை எடுத்து விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினார். மேலாளருக்கும் உள்ளதை எழுதினார். பதவி கிடைக்காது என்று தெரிந்துதான் எழுதினார்.

அவள் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியிடம், “இவுக எங்க ஆபீஸ் அண்ணன். நான் வேலை பழகுனதே இவுககிட்டதான்” என்றாள்.

ரியாசுதீனுக்குக் காது மடல் சுட்டது. சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

“இந்தப் புள்ள செஞ்ச வேலைய எம்பேர்ல எழுதிட்டேம்மா. அதுக்குப் பொய்ச்சாட்சி கேக்கத்தான் இங்கன வந்தேன்.”

பாண்டீஸ்வரி ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். உமாதேவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.