அவசரத்துக்கு ஒரு கோல்கீப்பர்

மெரிடித் நகரத்து ஐஸ் ஹாக்கி அணியான த்ரெஷர்ஸைத் தூக்கி நிறுத்த ஓர் ஐந்தாண்டுத் திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு இப்போது ஒன்பது வயது. அது தொடங்கிய வருஷம் பிறந்த பிள்ளைகள் பால்பல் விழுந்து, புதுப்பல் முளைத்து, தாங்களே ஸ்கேட் கட்டிக்கொண்டு ஏரியில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அணியைவிட அவர்கள் நன்றாக ஆடுவதாக ஊரில் பேச்சு. ஒன்பது வருஷத்தில் பதினோரு பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். கடைசிக்கு முந்தியவருக்கு அறைக்கதவில் பெயர்ப்பலகை திருகி முடிப்பதற்குள் வேலை போய்விட்டது. பலகையைத் திருகிக்கொண்டிருந்தவன் அப்படியே மறுபக்கம் சுழற்றிக் கழற்றினான் என்பார்கள்.

போகாத ஒரே ஆள் மேலாளர் லைல் ஃப்ரீசன். அவரை எப்படிப் போகச் சொல்வது? முப்பது வருஷத்துக்கு முன்னால் முறிந்த பாதத்தோடு ஆடி ஊருக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த கேப்டன் அவர். அரங்கத்து வாசலில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு வெண்கலச் சிலையாக நிற்கிறார். அணியின் முதலாளியோ அரிசோனா வெயிலில் கோல்ஃப் ஆடுகிறவர். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், சிலையைப் பார்ப்பார், அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார், ஃப்ரீசனின் தோளைத் தட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவார்.

அந்த ஜனவரியில் ஃப்ரீசன் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தார். அணியில் திறமை கொட்டிக்கிடக்கிறது, உடைமாற்றும் அறையில்தான் ஆண்மை போதவில்லை என்பதே அது. உடனே அணியின் இரண்டாவது கோல்கீப்பரை, அதிர்ந்து பேசாத நல்ல பிள்ளை, வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு முப்பத்தேழு வயது ஷேன் பர்டாக்கை வாங்கிவந்தார். பர்டாக் சண்டைக்காரன். பனித்தளத்தில் அவனுக்கு முன்னால் போகத் தெரியும். பின்னால் போக வராது. திரும்புவதற்குச் சுவர் வந்து உதவ வேண்டும். வந்த இரண்டாவது ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனோடு சேர்த்து நடுவரையும் தூக்கிப் போட்டான். லீக் அவனைப் பன்னிரண்டு ஆட்டத்துக்கு உட்காரவைத்தது. ஃப்ரீசன் தேடிப்பிடித்த ஆண்மை வீட்டில் சோபாவில் படுத்து டிவி பார்த்தது.

மிச்சமிருந்தது ஒரே கோல்கீப்பர், எத்தியென் லவுவா. கெபெக்கின் கடற்கரைப் பக்கத்துப் பையன், வயது இருபத்திரண்டு. பெஞ்சில் இரண்டாவதாக ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது லீக்கின் விதி. அவசரத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவரை ஒருநாள் ஒப்பந்தத்தில் உட்காரவைக்கலாம் என்று அதே விதிப்புத்தகத்தில் இன்னொரு வரி. அவசரம் எத்தனை நாள் நீடிக்கலாம் என்று எழுத மறந்திருந்தார்கள். ஃப்ரீசன் ஐந்து வாரமாக அவசரத்திலேயே இருந்தார்.

அப்படி அகப்பட்டவன்தான் மைரன் கோஸ்டியுக்.

மைரனுக்கு நாற்பத்தொரு வயது. வீடுகளில் ஹீட்டர் பழுதுபார்ப்பது தொழில். மெரிடித்தில் ஜனவரி மாதம் ஹீட்டர் மெக்கானிக்குக்குப் பாதிரியாரைவிட மரியாதை அதிகம். பாதிரியார் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓடாது, இவன் இல்லாவிட்டால் வாரமே உறைந்துவிடும். பத்தொன்பது வயதில் த்ரெஷர்ஸ் தேர்வு முகாமுக்குப் போய், மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் அவன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக, வியாழக்கிழமைதோறும், ஆட்டம் முடிந்ததும் பீர் குடிப்பதற்காகவே ஆடும் தொப்பைக்காரர்களின் அணியில் கோல்கீப்பர். அப்படிப்பட்டவனுக்கு த்ரெஷர்ஸ் சட்டை, முதுகில் கோஸ்டியுக் என்ற பெயர், நிஜமான பெஞ்சு. முதல் நாள் வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையோடே சாப்பிட்டான். அவன் மனைவி டார்லீன் உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துவிட்டுச் சற்று நேரம் அவனையே பார்த்தாள்.

“நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இப்படிச் சிரிக்கலை, மைரன்.”

“அன்னைக்கு ஷூ கடிச்சுது.”

உள்ளூர் ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்வதோடு, தினமும் காலையில் பயிற்சிக்கும் அவன்தான் போனான். இரண்டு கோலில் ஒன்றில் எத்தியென், மற்றதில் மைரன். பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டுதான் பக்; மணிக்கு நூறு மைல் வேகத்தில் வரும் அது அவன் உடம்பில் படாத இடமில்லை. இரண்டே வாரத்தில் அவன் மேனி பழுத்து ஊதா, பச்சை, மஞ்சள் என்று தேவாலயத்துக் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. வீரர்கள் அவனைக் கோஸ்டி என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நாலு விலா எலும்பு போனாலும் கொடுத்திருப்பான்.

பிப்ரவரி முதல் வாரத்தில்தான் அவன் அதைக் கவனித்தான். கோல்கீப்பர் முழங்கால்களை மடக்கிப் பனியில் விழுவான், எழுவான். ஒரு பயிற்சியில் இருநூறு தடவை. எத்தியென் விழுவது எப்போதும்போலத்தான் இருந்தது. எழும்போது இடது பக்கம் அரை நொடி பிந்தி வந்தது. உட்கார்ந்து பார்க்கும் பயிற்சியாளருக்கு அது தெரியாது. கோலில் நின்றவனுக்குத் தெரியும். மோட்டார் நின்றுபோவதற்கு ஒரு மாதம் முன்பே அதன் சத்தத்தில் வருகிற மாறுதலைக் கேட்டுப் பழகியவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் எல்லாரும் பனித்தளத்துக்குப் போன பிறகும் எத்தியென் அறையில் உட்கார்ந்தே இருந்தான். இடது ஸ்கேட்டின் கயிறு கட்டப்படாமல் தொங்கியது. குனிய முடியவில்லை. மைரன் ஒன்றும் கேட்காமல் கீழே உட்கார்ந்து கட்டிவிட்டான். எத்தனை நாளாக என்று கேட்டதற்குப் பத்து நாள் என்றான் பையன். வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் ட்ரெய்னரிடம் சொன்னாயா என்று கேட்டான் மைரன்.

“பாதி சொன்னேன் கோஸ்டி. மிச்சத்தையும் சொன்னா உட்கார வெச்சுடுவாங்க. என் இடத்துல வேற எவனாவது வந்து நாலு ஆட்டம் நல்லா நின்னான்னா, நான் ஊருக்குப் போய் அப்பாவோட நண்டுதான் பிடிக்கணும். நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க.”

திறக்க மாட்டேன் என்றான் மைரன். பையனுக்காகத்தான் சொன்னான். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு ஹீட்டரைப் பார்க்கப் போகிற வழியில், எத்தியென் உட்கார்ந்தால் கீழ் லீக்கிலிருந்து இரண்டு நிஜ கோல்கீப்பர்களைக் கூப்பிடுவார்கள், அப்போது பெஞ்சில் தனக்கு இடமிருக்காது என்பதும் அவன் நினைவுக்கு வந்தது. அதை நினைத்ததற்காக ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் போயிற்று. எத்தியென் ஒரு ஆட்டமும் விடாமல் நின்றான். அணிகூட மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தது. மெரிடித்தில் அப்படி நடந்து ஆறு வருஷமானதால், பேக்கரிக்காரர் மூன்றாம் ஜெயத்தன்று டோனட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு மறுநாள் வருத்தப்பட்டார். அந்த வார வெள்ளிக்கிழமை, பயிற்சி முடிந்து வந்த மைரனை ஃப்ரீசன் கூப்பிட்டு, தன் கையாலேயே காபி ஊற்றிக்கொடுத்தார். பனித்தளத்தைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள்.

டாக்டர் எத்தியெனின் இடுப்பைப் படம் பிடிக்கணும் என்கிறாராம். இரண்டு வாரமாவது உட்காரவைக்கச் சொல்கிறாராம். ஃப்ரீசனுக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு டாக்டர் பேச்சைக் கேட்டிருந்தால் ஊருக்குக் கோப்பையும் வந்திருக்காது, வாசலில் சிலையும் நின்றிருக்காது. அந்த அணியில் எல்லா முடிவும் இப்படித்தான் எடுக்கப்பட்டது: படித்தவனை விட்டுவிட்டு, ஆடினவனைக் கேட்பது.

“டாக்டர் என்னைக்காவது கோல்ல நின்னிருக்கானா? நீ நிக்கிறே. தினமும் பையன்கூட இருக்கே. நீ சொல்லு கோஸ்டி, நான் கேட்டுக்கறேன். இடுப்பு போயிடுச்சா, இல்ல சும்மா தசைப்பிடிப்பா?”

மைரன் காபியைக் குடித்தான். அது சுட்டது.

“இடுப்புன்னா நாளைக்கே கீழேயிருந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கறேன். நீயும் போய் நிம்மதியா வேலையைப் பாரு. பிடிப்புன்னா இப்படியே ஓட்டலாம்.”

மறுநாள் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு உள்ளூர் ஆட்டம். மைரனின் வியாழக்கிழமைத் தொப்பைக்காரர்கள் பதினாறு பேரும் ஒரு வரிசை முழுக்க இடம் பிடித்து, அவன் பெயர் எழுதிய துணியோடு வரப்போகிறார்கள். தேர்வு முகாமிலிருந்து அவன் பையோடு திரும்பிய நாளில் ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைத் திறந்துவிட்ட அவனுடைய அப்பா வருகிறார். பையனும்தான் வாயைத் திறக்காதே என்று கேட்டிருக்கிறான். காரணங்களுக்கா பஞ்சம்? அவனுக்குள் ஒரு லாரி நிறைய இருந்தது.

“பிடிப்புதான்,” என்றான்.

ஃப்ரீசன் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ஊதா நிறத்திலிருந்த இடத்திலேயே பட்டது.

சனிக்கிழமை வெளியே மைனஸ் முப்பத்தைந்து. மூச்சு விட்டால் அது தரையில் விழுந்து உடையும் குளிர். அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் பகுதியின் நடுவில், எதிரணிக்காரன் ஒருவன் இடதுபுறம் வந்து பக்கை வலதுபுறம் தள்ளினான். எத்தியென் கால்களை அகட்டி விழுந்து, கால் கவசத்தால் அதைத் தடுத்தான். அந்தப் பருவத்திலேயே அதுதான் மிக அழகான தடுப்பு. ஏழாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். அதனால் அவன் கத்தியது பெஞ்சிலிருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. அவன் எழவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான், வலது கால் வந்தது, இடது கால் யாரோ கழற்றிப் போட்டதுபோலக் கிடந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. கூட்டம் மரியாதையாகக் கை தட்டியது. பெஞ்சைத் தாண்டும்போது எத்தியென் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பயிற்சியாளர் திரும்பி, “கோஸ்டி, போ,” என்றார்.

இருபத்திரண்டு வருஷம் கனவு கண்ட கோலில் மைரன் போய் நின்றான். முதல் பக் அவன் காலிடுக்கில் போயிற்று. இரண்டாவது தோளுக்கு மேலே. மூன்றாவது போனதை அவன் பார்க்கவே இல்லை. கோல் விழுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு பின்னால் எரிந்தபோது, யாரோ ஸ்விட்சை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தான். மொத்தம் ஏழு கோல் விட்டான். எட்டாவதாக வந்த ஒன்று அவன் முகமூடியில் மோதி அரங்கத்தின் கூரை வரைக்கும் போயிற்று. ஊரே கூத்தாடியது. தொப்பைக்காரர்கள் துணியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்ற பிறகு, வழக்கம்போல அன்றைய சிறந்த மூவரை, ஆட்டத்தின் மூன்று நட்சத்திரங்களை, அறிவித்தார்கள். முதல் நட்சத்திரம் மைரன் கோஸ்டியுக். விளக்கெல்லாம் அணைந்து, ஒரே ஒரு வெளிச்ச வட்டத்துக்குள் அவன் வந்து மட்டையை உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தினான். அப்பா எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்க்க நினைத்தான். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

ஹீட்டர் மெக்கானிக் கோல் காத்த கதையை அன்று மாலையே நாடு முழுக்க டிவியில் காட்டினார்கள். கோஸ்டியுக் சட்டைகள் ஒரே மணி நேரத்தில் தீர்ந்துபோயின. முதலாளி அரிசோனாவிலிருந்து போன் செய்து, இவ்வளவு மனதைத் தொடும் அணியை உருவாக்கியதற்காக ஃப்ரீசனின் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்தார். எத்தியெனைப் பற்றி அணி ஒரு வரி அறிக்கை விட்டது: உடலின் கீழ்ப்பகுதியில் காயம். ஐஸ் ஹாக்கியில் கால் கழன்று தனியாக ஊருக்குப் போனாலும் அறிக்கை அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மைரன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கீழே மாடிப்படி அருகில் ட்ரெய்னர் நின்றிருந்தார். மூட்டுக்குள் கிழிசல், அதை வைத்துக்கொண்டே ஆடியதில் எலும்பும் உடைந்திருக்கிறது, ஆரம்பத்திலேயே உட்காரவைத்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார். நடப்பான். இன்னொரு தடவை கோலில் விழுந்து எழ மாட்டான்.

அறையில் எத்தியெனோடு அவன் அம்மா இருந்தாள். மோனிக் லவுவா, விடியற்காலை விமானம் பிடித்து, இரண்டு ஊரில் மாறி வந்திருந்தாள். மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவளுக்குரிய தடித்த, வெடித்த கைகள். மைரனை டிவியில் பார்த்திருந்ததால் உடனே அடையாளம் தெரிந்தது. எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். மகன் தினமும் போனில் அவனைப் பற்றிச் சொல்வானாம். ஸ்கேட் கட்டிவிடுகிறார் என்றுகூடச் சொன்னானாம்.

“இவ்வளவு தூரத்துல என் பிள்ளையைப் பார்த்துக்க ஒரு ஆள் இருக்காருன்னு நான் நிம்மதியாத் தூங்கினேன், ஐயா,” என்றாள். அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். “இவன் எனக்கு எதையும் சொல்ல மாட்டான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வலி எப்போ ஆரம்பிச்சுது?”

அவள் தோளுக்குப் பின்னால், கட்டிலில் எத்தியென் தலையை அசைத்தான். சொல்ல வேண்டாம் என்று.

மைரனுக்கு அது ஒரு வழி திறந்துவிட்ட மாதிரி இருந்தது. நேற்றுத்தான் ஆரம்பித்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எத்தியெனும் அதைத்தான் கேட்கிறான். வெள்ளிக்கிழமையும் இதே மாதிரிதான் இருந்தது.

“மூணு வாரத்துக்கு மேலே ஆச்சு மதாம்,” என்றான். “எனக்குத் தெரியும். முந்தாநாள் மேலாளர் என்னைக் கேட்டார். பிடிப்புன்னு சொன்னேன். இடுப்புன்னு சொல்லியிருந்தா நேத்து இவனை உட்கார வெச்சிருப்பாங்க. நான் பெஞ்சுல இருந்திருக்க மாட்டேன்.”

அவளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு வார்த்தையாகப் போய்ச் சேர்வதை அவன் நின்று பார்த்தான். கடைசி வார்த்தை போய்ச் சேர்ந்ததும் அவள் அவன் சட்டைக்கையை விட்டாள். திட்டவில்லை. கட்டில் பக்கம் திரும்பி மகனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லில் பதில் சொன்னான். பிறகு அவள் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அவனுடைய இடது பாதத்தைப் போர்வைக்குள் வைத்து மூடினாள்.

மைரனைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி அவன் அங்கேயே நின்றான்.